மூன்றாம் வருட நேர்ச்சை – அத்தியாயம் 9: வலது கால்

சுல்மாவின் வலது கால் ஓய்ந்து மூன்று வாரமாகிறது.

ஒத்திகை மைதானத்தில் பேண்டு முழங்கிக்கொண்டிருந்தபோது, ஆட்ட வரிசையின் நடுவில் அவள் உட்கார்ந்துவிட்டாள். வழுக்கியிருக்கும் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். கால் நிற்கவில்லை. ஈரத்துணி மாதிரி மடிந்தது.

மருந்துக்கடைக்காரர் ஊசி போட்டார். முதுகைப் படம் எடுத்தார்கள். படம் சுத்தமாக இருந்தது. கோகா இலை போட்டுக் குறி பார்க்கும் கிழவர், பயத்தில் ஆவி கழன்று மைதானத்திலேயே தங்கிவிட்டது என்றார். நெமேசியா மகளின் கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். "சுல்மா, வா. வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டபடியே வீடுவரை நடந்தாள். ஆவி வந்ததோ என்னவோ, கால் வரவில்லை.

கார்னவல் நெருங்கிவிட்டது. இது மூன்றாம் வருடம்.

கணவன் குரோவரின் வயிற்றில் கட்டி என்று தெரிந்த வாரம், நெமேசியா சுரங்க மாதாவின் முன் முழங்காலிட்டாள். என் மகள் மூன்று வருடம் உனக்கு ஆடுவாள், அவனைக் காப்பாற்று என்று நேர்ந்துகொண்டாள். பக்கத்தில் சுல்மாவும் முழங்காலிட்டிருந்தாள். நேர்ந்தது தாயின் வாய். ஆடவேண்டியது மகளின் கால். அப்போது அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

லா பாஸில் கட்டியை வெட்டி எடுத்தார்கள். முதல் வருட ஆட்டத்தைக் குரோவர் தையலோடு, நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். இரண்டாம் வருடம் நின்றுகொண்டு, பீர் குடித்தபடி பார்த்தான். மூன்றையும் ஆடினால்தான் நேர்ச்சை. இரண்டோடு நின்றால் அந்த இரண்டும் கணக்கில் சேராது. அவர்கள் ஊரான ஒரூரோவில் இது எல்லோருக்கும் தெரியும்.

இன்று லா பாஸிலிருந்து நரம்பு டாக்டர் வருகிற நாள்.

குரோவர் தன் மினிபஸ்ஸிலேயே இருவரையும் கூட்டிவந்தான். வழியில் கைகாட்டிய ஆட்களை ஏற்றவில்லை.

"கால உதைக்கச் சொல்லுவாங்க. டாக்டரம்மாவ உதைச்சிடாத" என்றான், கண்ணாடியில் மகளைப் பார்த்து.

"உதைக்க முடிஞ்சா நான் ஏம்ப்பா இங்க வர்றேன்."

"அதுவும் சரிதான்."

ஆஸ்பத்திரி வாசலில் அவன் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. "நீங்க போங்க. வண்டிய இங்க விட்டா போலீஸ்காரன் இழுத்துட்டுப் போயிடுவான்" என்றான்.

டாக்டர் தெர்ராசாஸ் இளம்பெண். கோட்டுக்கு மேலே சால்வை போர்த்தியிருந்தாள். லா பாஸ்காரிக்கே ஒரூரோ குளிர்கிறது என்பதில் நெமேசியாவுக்குக் கொஞ்சம் திருப்தி.

சுத்தியலால் முட்டியைத் தட்டினாள். ஊசிமுனையால் பாதத்தைக் கீறினாள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டைவிரலை ஆட்டி, மேலா கீழா என்று கேட்டாள். அவசரப்படவில்லை. பிறகு சுல்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, வலது குதிகாலுக்கு அடியில் தன் கையை நுழைத்தாள்.

"என் கையக் கீழ அமுக்கு."

சுல்மா பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கால் சும்மா கிடந்தது.

"போதும். இப்ப அந்தக் கால மறந்துடு. இடது கால மேல தூக்கு. நான் இன்னொரு கையால பிடிச்சுக்குவேன், என்னை எதிர்த்துத் தூக்கு."

இடது கால் எழும்பியது. டாக்டர் அதைத் தடுத்தாள். சுல்மா இன்னும் பலமாகத் தூக்கினாள். அப்போது வலது குதிகால் தானாகவே டாக்டரின் கையை மெத்தைக்குள் அமுக்கியது. மெத்தை குழிந்ததை நெமேசியா பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள் டாக்டர், மகளிடம். சந்தோஷமாகச் சொன்னாள். "இந்தக் காலுக்கு பலம் இருக்கு. நீ கேக்கும்போது மட்டும் வரமாட்டேங்குது."

சுல்மா தன் காலைப் பார்த்தாள். அது வேறு யாருடையதோ போலப் பார்த்தாள்.

"அப்ப என்ன வியாதி இது?" என்று நெமேசியா கேட்டாள்.

"நரம்புல ஒண்ணுமில்லம்மா. நரம்பு நல்லா இருக்கு."

ஒரூரோவில் நரம்பு என்றால் இரண்டு. ஒன்று, உடம்புக்குள் கம்பிபோல ஓடுவது. மற்றது, மனிதருக்கு வருவது. நெமேசியாவின் தங்கைக்கு அது வந்திருந்தது. தட்டை உடைப்பாள், இரண்டு நாள் அழுவாள், கை நடுங்கும். தங்கச்சிக்கு நரம்பு என்று சொன்னால் போதும், கேட்டவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். நரம்பு வந்தவளை யாரும் பொய்க்காரி என்று சொன்னதில்லை.

இங்கே அதுவும் இல்லை என்கிறாள் டாக்டர்.

"எலும்புல இல்ல. முதுகுல இல்ல. நரம்பும் இல்ல" என்றாள் நெமேசியா.

"ஆமா. ஆனா இது நிஜம். அவ நடிக்கல. உங்க ஊர் பாஷையிலயே சொல்றேன். பேண்டுல டிரம் நல்லா இருக்கு, டிரம்பெட் நல்லா இருக்கு, டியூபா நல்லா இருக்கு. மாஸ்டர் கை காட்டுறார். டியூபாக்காரனுக்கு மட்டும் அது போய்ச் சேரல. டியூபாவக் கழட்டிப் பாத்து என்ன பிரயோஜனம்?"

"டியூபாக்காரன் குடிச்சிருப்பான்."

டாக்டர் சிரித்தாள். சுல்மாவும் சிரித்தாள். நெமேசியா சிரிக்கவில்லை. அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"படத்துல ஒண்ணும் தெரியலங்கறதுக்காக நான் இப்படிச் சொல்லல" என்றாள் டாக்டர். "இப்ப கால் அமுக்குச்சே, அத வெச்சுத்தான் சொல்றேன். ஆனாலும் அடுத்த மாசம் திரும்பப் பாப்பேன். முன்னால ஒருத்தருக்கு இதையே சொன்னேன். ஆறு மாசம் கழிச்சு வேற நோய்னு தெரிஞ்சுது. அதனால கண்ண மூடிக்கிட்டு இருக்கமாட்டேன்."

இவளுக்கே நிச்சயம் இல்லை என்று நெமேசியா நினைத்தாள்.

"கால் ஓஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. ஆடினேன். விழுந்தேன்" என்றாள் சுல்மா.

"காலையில?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் விட்டுவிட்டாள். கால் பயிற்சிக்கு ஓர் அறையைச் சொன்னாள். மனசு டாக்டர் ஒருவரின் பெயரையும் சொன்னாள். அவர்கள் எழுந்தபோது டாக்டர் நெமேசியாவின் முகத்தைக் கவனித்திருக்கவேண்டும். கூடவே கதவுவரை வந்தாள்.

"காரணம் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். தடி எடுத்துட்டுத் தேடாதீங்கம்மா."

வண்டி நகர்ந்ததும் குரோவர் கேட்டான். "என்ன சொன்னாங்க?"

"நரம்புல ஒண்ணுமில்லையாம்."

"அப்பாடா." ஸ்டியரிங்கில் தட்டினான். "அப்ப ஆடலாம்."

"ஆடலாம். நல்லா அமுக்குச்சு காலு. நானே பாத்தேன். மெத்த குழிஞ்சு போச்சு."

"அம்மா, அது நான் செய்யல" என்றாள் சுல்மா.

"பின்ன யாரு செஞ்சது? பக்கத்து வீட்டுக்காரியா?"

குரோவர் கண்ணாடியைச் சரிசெய்வதுபோலச் செய்து மகளைப் பார்த்தான். மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சூதாடிகள் மாதிரி இரண்டு பேரும் ஒருவர் கண்ணை ஒருவர் தவிர்க்கிறார்கள் என்று நெமேசியாவுக்குப் பட்டது. அவள் அன்றைக்கு எல்லார்மேலும் கோபமாக இருந்தாள். ஆகவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சுல்மாவை வீட்டில் விட்டுவிட்டு நெமேசியா சந்தைக்குப் போனாள். ஊதாச் சோளத்தில் காய்ச்சும் ஆபி அவளுடைய வியாபாரம். மழைக்காலத்து மாலையில் அதை நம்பி வருகிற ஆட்கள் உண்டு. அண்டாவை அடுப்பில் ஏற்றி, பட்டையும் கிராம்பும் போட்டாள். கரண்டியை எடுத்தபோது டெல்ஃபினா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டெல்ஃபினா ஆட்ட வரிசையின் தலைவி. சுல்மாவுக்கு ஞானஸ்நானத் தாயும் அவள்தான். அந்த உறவில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள், சண்டையின்போதும்.

"ஊத்து கொமாத்ரே. சூடா ஊத்து. கேள்வி கேக்கணும், தொண்ட வேணும்."

"கேளு."

"புள்ள ஆடுவாளா மாட்டாளா? வரிசையில ஒரு பல்லு விழுந்த மாதிரி இருக்கு. பாவாட தெச்சு மடிச்சு வெச்சிருக்கேன். என் மச்சான் பொண்ணு தினமும் வந்து அதத் தடவிப் பாத்துட்டுப் போறா."

"டாக்டர் ஒண்ணுமில்லன்னுட்டா."

"ஒண்ணுமில்லையா?"

"எதுலயும் ஒண்ணுமில்லையாம்."

டெல்ஃபினா குவளையைக் கீழே வைத்தாள். "அப்ப நம்மளத்தான் ஆட்டி வெக்கிறா. நான் அன்னிக்கே நெனச்சேன். மைதானத்துல அவ விழுந்தப்ப கத்தக்கூட இல்ல கொமாத்ரே. சந்தையில எடம் பிடிக்கிறவ மாதிரி அமைதியா உக்காந்தா. பையன் யாராவது?"

"பையனா? காலே இல்லாம எந்தப் பையன்?"

"பையனுக்குக் காலா முக்கியம்?"

அடுத்த கடைக்காரி வாயைப் பொத்திச் சிரித்தாள். பக்கத்தில் நின்று ஆபி குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரன், "கசேரா, பாலாடைக்கட்டி வெச்சுப் பொரிச்சது ஒண்ணு குடு" என்று பேச்சை மாற்றப் பார்த்தான். வாடிக்கைக்காரர்கள் நெமேசியாவையும், அவள் வாடிக்கைக்காரர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவனுக்குக் கொடுத்தாள்.

"மூணாம் வருஷம் ஆடாம நிக்கிறது நல்லதில்ல" என்றாள் டெல்ஃபினா. இப்போது குரலில் கிண்டல் இல்லை. "உனக்கு நான் சொல்லவேண்டியதில்ல. குரோவருக்காக நேர்ந்தது."

"எனக்குத் தெரியாதா?"

"மாதா கோவிக்கமாட்டான்னு சாமியார் சொல்லுவார். சாமியாருக்கென்ன, அவர் புருஷன் வயித்துலயா கட்டி வந்துச்சு?"

நெமேசியா கரண்டியை அண்டாவில் வைத்தாள்.

"பாவாடைய யாருக்கும் குடுக்காத. நாளைக்கு ஒத்திகையில அவ வரிசையில நிப்பா. நான் நிக்க வெக்கிறேன்."

அவள் அண்டாவை அடுத்த கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினாள். அத்தனை சீக்கிரம் அவள் வீட்டுக்குப் போனதே இல்லை. முன்வாசல் வழியாகப் போகவில்லை. பின்பக்கம், கோழிக்கூட்டை ஒட்டிய தகரக் கதவு வழியாகப் போனாள். கதவைத் தூக்கிப் பிடித்தால் சத்தம் வராது. மகளைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் போனாள். யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைக்கிற நேரத்தில் அந்தக் கால் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

சுல்மா முற்றத்தில் இருந்தாள்.

துணிக்கொடியை ஒரு கையால் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் கிலுக்கை. ஆட்டத்தின்போது சுழற்றுகிற அந்த மரக் கிலுக்கையை மெதுவாகச் சுழற்றினாள். வாய்க்குள் தாளத்தை முனகினாள். இடது காலை முன்வைத்தாள். வலது காலை இழுத்தாள். அது செருப்பின் ஓரத்தில் சாய்ந்து, மண்ணில் கோடு போட்டபடி வந்தது. திரும்ப முதலிலிருந்து. மண்ணில் ஏற்கெனவே நிறையக் கோடுகள் இருந்தன.

மறுபடி வைத்தாள். விழுந்தாள்.

கத்தவில்லை. கிலுக்கையைத் தேடி எடுத்தாள். கொடியைப் பிடித்து எழுந்தாள். பிறகு முஷ்டியால் தன் தொடையைக் குத்தினாள். இரண்டாம் முறை இன்னும் பலமாக.

கொடி அசைந்ததில் ஒரு போர்வை சரிந்தது. கோழி சிறகடித்து அவள் காலுக்கடியில் பாய்ந்தது. சுல்மா சட்டென்று பின்னால் எட்டுவைத்து விலகினாள். வலது காலில்தான் எட்டு வைத்தாள். அது தாங்கியது. ஒரு நொடி அவள் முழு எடையும் அதன்மேல் நின்றது.

காலையில் என்றால் நெமேசியா பாய்ந்திருப்பாள். இப்போது அவள் பார்த்தது மகளின் முகத்தை. சுல்மா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது. இன்னொரு முறை அதேமாதிரி எட்டுவைக்க முயன்றாள். கால் மடிந்தது. மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை எழவில்லை. போர்வையின்மேல் உட்கார்ந்தபடி, சத்தமில்லாமல் அழுதாள்.

பார்க்க ஆள் இல்லாத இடத்தில் இத்தனை பாடு பட்டு யாரும் நடிக்கமாட்டார்கள்.

நெமேசியா தகரக் கதவைக் கீழே விட்டாள். சத்தம் வரட்டும் என்றே விட்டாள். சுல்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வந்துட்ட."

"அண்டாவ விட்டுட்டு வந்தேன்." நெமேசியா மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கனமாக இருந்தது. முட்டியில் பழைய சிராய்ப்புகள் இருந்தன. மூன்று வாரமாக இவள் தினமும் இங்கே விழுந்துகொண்டிருக்கிறாள். "எத்தன நாளா இப்படி ஆடிப் பாக்கற?"

"நீ சந்தைக்குப் போனப்புறம்."

"ஏன் சொல்லல?"

"வந்துட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

நெமேசியா காலைத் தேய்த்துவிட்டாள். கோழிக்கூட்டில் சண்டை நடந்து ஓய்ந்தது. டாக்டர் தடி எடுக்க வேண்டாம் என்றாள். தடி இல்லாமல் எப்படித் தேடுவது என்று அவள் சொல்லித்தரவில்லை.

"அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேட்டாள்.

"எதுக்கு?"

"சும்மா. ஞாபகம் இருக்கா?"

"ரொட்டி. முந்தின நாள் சுட்டது. நீ மாவு சலிச்சுக்கிட்டு இருந்த."

"அப்புறம்?"

"பூட்ஸ் குதிகால் ஆடிக்கிட்டு இருந்துச்சு. ஆணி அடிக்கக் குடுக்கப் போனேன். மினிபஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்காரே, அந்தச் செருப்புக்காரர். கூட்டமா இருந்துச்சு. அப்பா சொன்னாரு, வெச்சிட்டுப் போ நான் வாங்கிட்டு வர்றேன்னு."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அப்பா எங்க இருந்தான்?"

சுல்மா போர்வையின் ஓரத்தைச் சுருட்டினாள்.

"அன்னிக்கு அவனுக்கு லா பாஸ்ல வயித்துப் பரிசோதன. விடியறதுக்கு முந்தி நான்தான் பஸ் ஏத்திவிட்டேன். மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடுத்தேன்."

"அம்மா, நான் சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"நீ சொல்லல. நான்தான் சொல்றேன். நீ தலைய மட்டும் ஆட்டு. அவன் ஸ்டாண்டுல இருந்தான்."

தலை அசைந்தது.

"என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?"

"பகட ஆடிக்கிட்டு இருந்தாரு. நீ கட்டிக் குடுத்தத எல்லாருமா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க." ஒருமுறை வந்தபின் வார்த்தைகள் நிற்கவில்லை. "போன வருஷமும் போகலயாம்மா. ரெண்டு தடவ போகல. நான் அழுதேன். அப்பா சிரிச்சாரு. அம்மாகிட்ட சொல்லாத, கார்னவல் முடியட்டும், போறேன்னாரு."

"அவ்வளவுதானா சொன்னான்?"

"இப்ப ஒண்ணும் ஆகாதுன்னாரு. பயப்படாத, நீ மூணாம் வருஷம் ஆடி முடிக்கிற வரைக்கும் மாதா என்னை சாக விடமாட்டான்னாரு. வேடிக்கையாத்தான் சொன்னாரு."

அன்று சாயங்காலம் ஒத்திகை. அன்றுதான் அவள் வரிசையின் நடுவில் உட்கார்ந்தாள்.

நெமேசியா மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு ரகசியத்தைக் காட்டிக்கொடுத்த கவலை மட்டுமே இருந்தது. தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பன் சொன்ன வார்த்தையை ஒரு பக்கம் வைத்திருந்தாள், காலை இன்னொரு பக்கம் வைத்திருந்தாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

சேர்த்துக் காட்டலாமா என்று நெமேசியா யோசித்தாள். சொல்லிவிட்டால் கால் எழுந்து நிற்குமா? இல்லை, தன் காலே பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றி, அது இன்னும் ஆழமாக ஓய்ந்துவிடுமா? அதுதான் காரணம் என்பதற்காவது என்ன நிச்சயம்? இலை போட்டுப் பார்த்த கிழவரும் காரணம் சொன்னார். தானும் காலையிலிருந்து ஒரு காரணம் வைத்திருந்தாள், மகள் நடிக்கிறாள் என்று. காரணம் கிடைத்த சந்தோஷத்தில் ஆட்கள் கேட்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

அவள் காலை மடியிலிருந்து மெதுவாக இறக்கினாள்.

"நான் உன்ன நம்பல. காலையில" என்றாள்.

"தெரியும்."

"இப்ப நம்புறேன்."

சுல்மா தலையைக் குனிந்துகொண்டாள். "டெல்ஃபினா அத்த கேட்டாங்களா?"

"கேட்டா. நாளைக்கு நிப்பான்னு சொல்லிட்டு வந்தேன். காலையில போய் இல்லன்னு சொல்லிடுறேன். பாவாடைய அந்த மச்சான் பொண்ணு தடவுனது போதும், கட்டிக்கட்டும்."

"அப்ப நேர்ச்ச?"

"அது நான் நேர்ந்தது. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இருட்டுவதற்கு முன்பே குரோவர் வந்துவிட்டான். தெருவில் வண்டியை நிறுத்தி, வாளித் தண்ணீரில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தான். நெமேசியா போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவன் துணியைப் பிழிந்தபடி ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"எங்க போகணும் மேடம்? சில்லற இருக்கா?"

"போன பரிசோதனையில டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் சொன்னேனே. நல்லா இருக்குன்னாரு. காரம் கம்மி பண்ணச் சொன்னாரு. அடுத்த வருஷம் வான்னாரு."

அத்தனை சரளமாக வந்தது. காரத்தைக்கூட விடவில்லை.

"பகடையில ஜெயிச்சியா?"

துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவன் அதை வாளியில் போட்டான். கையை பேண்ட்டில் துடைத்தான். வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அங்கே உட்கார்ந்தால்தான் அவனுக்குப் பேச வரும்.

"அவ சொல்லிட்டாளா?"

"வாய் தவறிப் போச்சு. நீ அவமேல ஏத்தி வெச்சிருந்த. எத்தன நாள் தூக்குவா?"

"நெமேசியா, நான் பஸ்ல ஏறினேன். நிஜமாவே ஏறினேன். சுங்கச்சாவடி தாண்டறதுக்குள்ள எறங்கிட்டேன்."

"ஏன்?"

"வலிச்சுது."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"இல்ல, கேளு. அது வேற மாதிரி வலி. ஆஸ்பத்திரி இருக்கிற பக்கம் போனா மட்டும்தான் வலிக்கும். வேற எந்த ரூட்ல ஓட்டினாலும் வலிக்காது. கட்டியா இருந்தா அதுக்கு ரூட்டு தெரியுமா? சொல்லு." ஸ்டியரிங்கை விரலால் தட்டினான். "பயம்தான். எனக்கே தெரியும். பயத்துக்கு எதுக்கு பரிசோதன?"

"இன்னிக்கு வலிச்சுதா? எங்கள ஆஸ்பத்திரி வாசல்ல விட்டப்ப?"

"வலிச்சுது."

"இப்ப?"

அவன் யோசித்தான். "நீ கேக்கறதால வலிக்குதோ என்னவோ."

காலையில் ஒரு டாக்டர் எல்லாக் கருவிகளோடும் பார்த்து, அடுத்த மாதம் திரும்பப் பார்ப்பேன் என்றாள். இங்கே பார்ப்பதற்கு நெமேசியாவிடம் ஒன்றுமில்லை.

"பின்னாடி போய்ப் படு" என்றாள்.

"வண்டியிலயா? தெருவுல ஆளுங்க என்ன நெனைப்பாங்க?"

"நெனச்சுட்டுப் போகட்டும். இந்த வயசுலயும் நம்மள நெனைக்கிறாங்களேன்னு சந்தோஷப்படு."

குரோவர் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். கடைசி நீள சீட்டில் முட்டியை மடக்கிப் படுத்தான். சட்டையைத் தானே தூக்கிக்கொண்டான். நடுவில் வெட்டுத் தழும்பு, வெளுத்துப்போன கயிறு மாதிரி கிடந்தது. நெமேசியா இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கினாள். தழும்பின் மேல் முனையில் வைத்து அமுக்கினாள். மெத்தென்று இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தாள்.

"கூசுது."

"சும்மா இரு."

இடது பக்கம் ஒன்றுமில்லை. வலது பக்கம், விலா முடிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, விரல் நின்றது. அங்கே தசை இறுகியிருந்தது. தசைதானா? பயந்த உடம்பு இறுகும். காலையில் மெத்தையைக் குழித்த காலும் சுல்மாவின் உடம்புதான், மண்ணில் கோடு போட்ட காலும் சுல்மாவின் உடம்புதான். கை சொல்வதை நம்புவதா என்று நெமேசியாவுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை அமுக்கினாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

"இறுக்கிப் பிடிக்காத குரோவர். மூச்ச விடு."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரலுக்கடியில் இறுக்கம் இளகவில்லை.

"விட்டுட்டேனே" என்றான்.